பத்து நாட்களுக்குள் கேட்க வேண்டியது: வாவியின் இரு கரைக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், வடக்கே வாகரை தொடக்கம் தெற்கே களுவாஞ்சிகுடி, வெல்லாவெளி வரையும் வீடு வீடாகச் சென்று பணிபுரியும் மதிப்புக்குரிய குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு,

பிள்ளை பெற்ற பெண்ணொருத்தியின் மலக்குடலுக்கும் யோனிக்கும் இடையேயுள்ள மெல்லிய சுவரில் துளை விழுந்து, காற்றும் மலமும் அவளது கட்டுப்பாட்டை மீறி யோனி வழியே வெளியேறும் நிலை மலக்குடல்–யோனிப் புரைவழி எனப்படுகிறது. வைத்தியசாலைப் பேச்சில் இது 'பிஸ்டுலா' என்று சுருங்கிவிடும். புரைவழி என்பது இரண்டு உறுப்புகளின் உட்குழிகளுக்கு இடையே, இருக்கக்கூடாத இடத்தில் உண்டாகும் ஒரு பாதை. நாட்செல்லச் செல்ல அதன் உட்புறத்தில் படலம் படர்ந்துவிடுவதால் அது தானாக மூடுவது அரிதாகிவிடுகிறது. இந்நோயைச் சீராக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றியதே இம்மடல். அது சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு எழுதப்படாமல் உங்களுக்கு எழுதப்படுவதற்குக் காரணம், அச்சிகிச்சையின் வெற்றி தோல்வியில் பெரும்பங்கு சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே, பிரசவத்துக்குப் பின்னான முதற் சில கிழமைகளில், தாயின் வீட்டு விறாந்தையில் தீர்மானமாகிறது என்பதாகும்.

உலகில் 'பிஸ்டுலா' என்றதும் பலரின் நினைவுக்கு வருவது ஆபிரிக்காவின் வறிய கிராமங்களில், நாட்கணக்கில் தடைப்பட்டு நிற்கும் பிரசவத்தில், குழந்தையின் தலைக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே நசுங்கிய சதை இரத்தவோட்டமின்றிச் செத்து உதிர்வதால் சிறுநீர்ப்பையிலும் சில வேளைகளில் மலக்குடலிலும் விழும் பெருந்துளையாகும். ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2003 இல் அதற்கெதிராக உலகளாவிய இயக்கமொன்றைத் தொடங்கியது. 2013 முதல் மே 23 அதற்கான சர்வதேச நாளாக அனுட்டிக்கப்படுகிறது. இலங்கையில் அவ்வகைத் துளை அரிதாகிவிட்டது. 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், அதன் வேராக நின்ற மருத்துவிச்சிப் பணியும், அனேகமாக எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலையில் நிகழும் இன்றைய நிலையும் அதற்குக் காரணங்கள். ஆயினும் அந்த வெற்றியின் நிழலில் இன்னொரு வகைத் துளை கண்ணில் படாமல் தங்கிவிடுகிறது. தடைப்பட்ட பிரசவம் இல்லாவிட்டாலும், வைத்தியசாலையிலேயே, இரண்டு மணி நேரத்தில் இலகுவாகப் பிள்ளை பிறந்தாலும் உண்டாகக்கூடிய துளை அது.

குழந்தையின் தலை வெளிவரும்போது யோனிவாய்க்கும் மலவாய்க்கும் இடையேயுள்ள தசைமேடு கிழிவதுண்டு. தோலும் யோனிப் படலமும் மாத்திரம் கிழிவது முதலாம் நிலை. கீழுள்ள தசையும் கிழிவது இரண்டாம் நிலை. மலவாயைச் சுற்றி நின்று காற்றையும் மலத்தையும் அடக்கும் இறுக்குத்தசை கிழிவது மூன்றாம் நிலை. அதையும் கடந்து மலக்குடலின் உட்படலம் வரை திறந்துபோவது நான்காம் நிலை. இவற்றுக்குப் புறம்பாக இன்னொரு கிழிசல் உண்டு: இறுக்குத்தசை முழுமையாக இருக்க, அதற்குச் சற்று மேலே சட்டையின் பொத்தான்துளை போல மலக்குடல் மட்டும் யோனிக்குள் திறந்துவிடுவது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண இரண்டாம் நிலைக் கிழிசலாகத் தோன்றும் இது, தையலிடுவதற்கு முன் மலவாய்க்குள் ஒரு விரலை விட்டுச் சோதித்தாலன்றி அகப்படுவதில்லை. அகப்படாமல் மேலே தைக்கப்பட்டால், உள்ளே மூடாத அத்துளையே சில நாட்களில் புரைவழியாகிவிடும். ஆகவே பிரசவ அறையில் ஒவ்வொரு தாய்க்கும் தையலுக்கு முன்னும் பின்னும் விரற்சோதனை செய்யப்பட வேண்டும் என்பது சம்பிரதாயமான அறிவுரை அன்று. இந்நோயைத் தடுக்கும் செயல்களுள் இதைவிட எளியது வேறில்லை. தலை வெளிவரும் வேளையில் வெந்நீரில் நனைத்த துணியால் தசைமேட்டை ஒற்றித் தாங்குவதும், வெட்டு அவசியமாயின் அதை நடுக்கோட்டில் மலவாயை நோக்கி இடாமல் சாய்வாக இடுவதும் பெருங்கிழிசல்களைக் குறைக்கின்றன. ஆயுதப் பிரசவம், பெரிய குழந்தை, முதற்பேறு ஆகியன ஆபத்தைக் கூட்டுவன.

நான்காம் நிலைக் கிழிசல் உரிய வெளிச்சத்தில், மயக்கமருந்தின் கீழ், அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டால் பெரும்பாலும் ஆறிவிடுகிறது. கிருமித்தொற்றினாலோ, மலம் கட்டியாகி முக்கி வெளியேற்றியதாலோ தையல் பிரியும் பெண்களில், முதற் கிழமைக்கும் இரண்டாம் கிழமைக்கும் இடையே அடையாளங்கள் தோன்றத் தொடங்கும். அந்தக் காலமே உங்கள் வீட்டுத் தரிசிப்புகளின் காலமும் ஆகும். முதற் பத்து நாட்களுக்குள் இரண்டு தடவை தாயைப் பார்க்க வேண்டும் என்ற நாட்டின் ஒழுங்கு, இந்நோயைப் பொறுத்தவரை, தற்செயலாகவே மிகச் சரியான நாட்களில் அமைந்துவிட்டது. துடக்குக் காலத்தில் காயச் சரக்கைக் கூட்டி, தண்ணீரையும் பழத்தையும் இலைவகையையும் குறைக்கும் வழக்கமுள்ள வீடுகளில், தையல் உள்ள தாய்க்கு அக்குறைப்பு நேரடியான தீங்காகிறது, ஏனெனில் இறுகிய மலமே தையலின் முதல் எதிரி. சரக்கைக் கைவிடச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரையும் கீரையையும் பப்பாசியையும் சேர்க்கச் சொன்னாற் போதும், வைத்தியர் கொடுத்த மலமிளக்கியை நிறுத்தவேண்டாம் என்று தாயின் தாய்க்கும் விளங்கவைத்தால் இன்னும் நன்று.

இந்நோய்க்கு ஊர்ப் பேச்சில் பெயர் இல்லை. பெயரில்லாததை எவரும் முறையிட முடியாது. ஆகவே அது வேறு பெயர்களில் மறைகிறது. நாற்றமும் கறையும் 'வெள்ளைபடுதல்' ஆகின்றன. மலவாயைச் சுற்றிய எந்தத் தொல்லையும் 'மூலம்' ஆகிறது. சீழ் கண்டால் 'பவுத்திரம்' ஆகிறது. பவுத்திரம் என்பது மலவாய்க்கும் வெளித்தோலுக்கும் இடையே ஓடும் புரைவழி. அதற்குச் சுதேச மருத்துவத்தில் காரநூல் கட்டி மெல்ல மெல்ல அறுத்து ஆற்றும் முறை உண்டு. ஆனால் பெண்ணின் முன்புறத்தில் இறுக்குத்தசை இயல்பாகவே மெல்லியது. அங்குள்ள புரைவழியை அறுக்கும் நூலால் கட்டினால் துளையோடு தசையும் அறுபட்டு, அடக்கும் ஆற்றல் நிரந்தரமாகக் குன்றிவிடலாம். பெயர் பிழைத்தால் சிகிச்சையும் பிழைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை. 19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், பிரசவ வைத்திய நூலைத் தமிழாக்கி மாணவர்க்குத் தமிழிலேயே கற்பித்தார். அவர் தொடங்கிய வேலையில் ஒரு பகுதி, அதாவது தாய் ஒருத்தி தன் வாயாற் சொல்லக்கூடிய சொற்களைக் கண்டுபிடிக்கும் பகுதி, இன்னும் எஞ்சியுள்ளது. அதைப் புத்தகம் எழுதுவோர் செய்துமுடிப்பார்கள் எனக் காத்திருக்கத் தேவையில்லை. "புள்ள, காத்துப் போகக்குள்ள முன்பக்கத்தாலயும் போற மாதிரி இருக்கா? துணியில மஞ்சக்கறை படுதா?" என்ற இரண்டு வினாக்கள் போதுமானவை. அவற்றை அயலவர் கேட்காத இடத்தில், குழந்தையை நிறுத்துக்கொண்டிருக்கும் சாதாரண வேளையில், எல்லாத் தாய்மாரிடமும் ஒரேமாதிரிக் கேட்பதே முறை. சந்தேகம் வந்தவளிடம் மட்டும் கேட்டால் அவள் மறைத்துவிடுவாள்.

வெட்கத்தின் தன்மை இடத்துக்கு இடம் வேறுபடும். இப்பிரதேசத்தில், தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும், மகளுக்கு வீடு சீதனமாகக் கொடுக்கப்பட்டு, மணமகன் பெண்வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமும், தாய்வழிக் குடி முறையும் வேரூன்றியவை. அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவற்றை விரிவாக ஆராய்ந்தெழுதியுள்ளார். வேறு நாடுகளில் புரைவழி உண்டான பெண் கணவன் வீட்டிலிருந்து துரத்தப்படுவது வழக்கமான துயரமாக இருக்க, இங்கு அவள் தன் தாயின் அருகிலேயே, தன் பெயரிலுள்ள வீட்டிலேயே இருக்கிறாள். இது பெரும் பலம். ஆனால் அதே வீட்டில் கணவன் விருந்தினன்போல் இருப்பதால், தாயும் மகளும் மட்டுமே அறிந்த இரகசியமாக நோய் ஆண்டுக்கணக்கில் உறைந்துவிடவும் கூடும். அவன் படுக்கையை விட்டு விலகுவதும், அவள் வைகாசியில் கண்ணகையம்மன் சடங்குக்குப் போகாமல் நிற்பதும், முஸ்லிம் பெண்ணாயின் வுளூ நிலைக்கவில்லை என்று தொழுகையையே விட்டுவிடுவதும் அதன் வெளித்தோற்றங்கள். இடையறாத கசிவுள்ளோர் ஒவ்வொரு பர்ளுத் தொழுகைக்கும் நேரம் வந்தபின் வுளூச் செய்து தொழலாம் என்ற சலுகை ஷாபிஈ மத்ஹபில் தெளிவாகவே உள்ளது. காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ பணிபுரியும் உத்தியோகத்தர் அதை அறிந்திருப்பது மருந்துச்சீட்டுக்கு நிகரான ஆறுதலாகும்.

வினாவுக்கு 'ஓம்' என்ற விடை கிடைத்தபின் செய்யவேண்டியது விரைந்து அனுப்புவதும், விரைந்து தைக்கவேண்டாம் எனக் கேட்டுக்கொள்வதும் ஆகும். இது முரணாகத் தோன்றலாம். பிரிந்த காயம் வீங்கி, அழுகி, சீழ்பிடித்து நிற்கும் நாட்களில் அவசரமாக இடப்படும் தையல் சதையை ஊடறுத்துப் பிரிந்துவிடும். ஒவ்வொரு தோல்வியும் தழும்பைக் கூட்டி, அடுத்த முயற்சிக்கு மிஞ்சும் நல்ல சதையைக் குறைக்கும். ஆகவே சத்திரசிகிச்சை நிபுணர்கள் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை காத்திருக்கிறார்கள். அக்காலத்தில் சீழ் இருந்தால் அதை வடியவிட்டு, வேண்டுமானால் அறுக்காத தளர்ந்த நூலொன்றைப் பாதையில் விட்டுவைத்து, மலத்தை இளக்கி, தினமும் இளவெந்நீரில் அமர்ந்து கழுவச் செய்கிறார்கள். பிரசவத்தால் உண்டான சிறு துளைகளிற் சில இக்காலத்திலேயே தாமாக மூடிக்கொள்வதும் உண்டு. இம்மாதங்களில் மறுபடி கருத்தரிக்காதிருக்கக் குடும்பத்திட்டமுறை கொடுப்பதும், தாயின் இரத்தச்சோகையைத் தீர்ப்பதும், 'மறந்துவிட்டார்கள்' என்று அவள் எண்ணாதபடி தொடர்ந்து பார்ப்பதும் உத்தியோகத்தர் கையில் உள்ளவை. காத்திருக்கும் சிகிச்சைக்கும் கைவிடப்படுதலுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, எவராவது வந்து பார்க்கிறார்களா என்பதில் மட்டுமே தங்கியிருக்கிறது.

சத்திரசிகிச்சைக்கு முன் துளை எங்கே, எவ்வளவு பெரிது, எதனால் உண்டானது, இறுக்குத்தசை முழுதாக உள்ளதா என்ற நான்கும் தெரியவேண்டும். விரலுக்குத் தட்டுப்படாத சிறு துளையைக் காண, யோனிக்குள் வெள்ளைத் துணிச்சுருளை வைத்து, மலக்குடலுக்குள் நீலச் சாயம் கலந்த நீரைச் செலுத்தி, துணியில் நீலம் படுகிறதா எனப் பார்ப்பதுண்டு. மலவாய்க்குள் செலுத்தும் ஸ்கேன் கருவி தசையின் வளையம் எங்கே அறுந்துள்ளது என்பதைக் காட்டும். இந்த நான்காவது வினாவே முக்கியமானது. ஏனெனில் துளை மூடப்பட்டு, அறுந்த தசை அப்படியே விடப்பட்டால், மலம் யோனியால் வராமல் மலவாயாலேயே அடங்காமல் வரும், பெண்ணுக்கு வாழ்வில் பெரிய மாற்றம் இராது.

தசை அறுந்திருந்தால், துளைக்கும் வெளித்தோலுக்கும் இடையே பாலம்போல் எஞ்சியிருக்கும் சதையைத் திறந்து, நான்காம் நிலைக் கிழிசல் புதிதாக உண்டானது போன்ற நிலைக்குக் கொண்டுவந்து, பாதையை அகற்றி, மலக்குடற் சுவர், இறுக்குத்தசை, யோனிச்சுவர், தோல் என அடுக்கடுக்காக மீண்டும் தைப்பர். தசையின் இரு முனைகளையும் தேடியெடுத்து ஒன்றன்மேல் ஒன்று படியவைத்துத் தைப்பது வழக்கம். தசை முழுதாக இருந்தால், மலக்குடலின் உட்புறத்திலிருந்து, துளைக்கு மேலுள்ள ஆரோக்கியமான சுவரை ஒரு மடலாக உரித்துக் கீழே இழுத்து, துளையை மூடித் தைக்கும் முறை கையாளப்படுகிறது. துளையை யோனிப் பக்கத்திலிருந்து தைப்பது இலகுவாகத் தோன்றினும் மலக்குடற் பக்கத்திலிருந்து மூடுவதற்குக் காரணம் உண்டு. மலக்குடலில் அழுத்தம் அதிகம், யோனியில் குறைவு. தோணியில் விழுந்த ஓட்டையை நீர் அழுத்தும் வெளிப்புறத்தில் அடைத்தால் நீரே அடைப்பை அழுத்திப் பிடிக்கும். உட்புறத்தில் ஒட்டினால் நீர் அதைத் தள்ளிப் பெயர்க்கும். வாவிக்கரை மக்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

முதல் முயற்சி தோற்றிருந்தாலோ சதை தழும்பேறி மெலிந்திருந்தாலோ, இரு சுவர்களுக்கும் நடுவே புதிய, இரத்தவோட்டமுள்ள சதையை இடையீடாக வைப்பர். யோனியின் வெளியிதழிலுள்ள கொழுப்புத் திசுவை அதன் இரத்தக்குழாயோடு திருப்பி உள்ளே கொண்டுவரும் முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹைன்றிக் மார்ட்டியஸ் 1928 இல் விவரித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதுவும் போதாதபோது தொடையின் உட்புறத்து நீண்ட தசையொன்றை எடுத்துத் திருப்புவர். உயரத்தில் உள்ள துளைகளை வயிற்றைத் திறந்தே அணுகவேண்டும். சிக்கலான சிலருக்கு, தைத்த இடம் ஆறும்வரை மலத்தை வயிற்றில் இடப்படும் தற்காலிக வாயினூடாகத் திருப்பிவிடுவர். அது எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை என்பதையும், தேவைப்பட்டோருக்கும் சில மாதங்களில் மூடப்படும் என்பதையும் குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லாவிடின், அவ்வாயைக் கண்ட அதிர்ச்சியில் சிகிச்சையே கைவிடப்படலாம். குறோன் நோய் எனும் குடலழற்சியால் உண்டானவற்றில் முதலில் அழற்சியை அடக்கவேண்டும்; கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெற்றோரில் புற்று மீளவில்லை என்பதை உறுதிசெய்த பின்னரே தைப்பது பற்றிப் பேசலாம்.

வெற்றி உறுதி என்று எவருக்கும் வாக்களிக்கக்கூடாது. மலக்குடல் மடல் முறையின் வெற்றி, வெளியான ஆய்வுகளில் நூற்றுக்கு நாற்பதளவிலிருந்து தொண்ணூறளவு வரை வேறுபடுகிறது. பிரசவத்தால் உண்டான, முன்பு தொடப்படாத துளைகளில் அது மேல் எல்லையை நெருங்குகிறது. இந்தச் சிகிச்சையின் வரலாறே உண்மை சொல்லப்படாமையின் வரலாறுமாகும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1845 முதல் 1849 வரை மருத்துவர் ஜே. மரியன் சிம்ஸ் இத்தகைய துளைகளை மூடும் முறையை அடிமைப்பட்ட கறுப்பினப் பெண்களின் உடலிலேயே கற்றார். அனார்க்கா, பெற்சி, லூசி என்ற மூவரின் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. சிறுநீர்ப்பையிலும் மலக்குடலிலும் துளையுற்றிருந்த அனார்க்கா, மயக்கமருந்தின்றி முப்பது தடவையளவில் அறுவைக்கு உட்பட்டார். மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. நியூயோர்க் மத்திய பூங்காவில் நின்ற சிம்ஸின் சிலை 2018 ஏப்ரலில் அகற்றப்பட்டது. இன்று வெல்லாவெளியிலிருந்து வரும் பெண்ணுக்கு என்ன செய்யப்படப்போகிறது, எத்தனை தடவை தேவைப்படலாம், மறுத்தால் என்னாகும் என்பது அவளுடைய மொழியில் சொல்லப்பட வேண்டும் என்ற கடன் அந்த மூவருக்கும் பட்டதாகும்.

இவ்வரலாற்றுக்கு வேறொரு முகமும் உண்டு. எதியோப்பியாவில் மருத்துவத் தம்பதியரான றெஜினால்ட் ஹம்லினும் கதரின் ஹம்லினும் 1974 இல் அடிஸ் அபாபாவில் புரைவழிக்கென்றே வைத்தியசாலையொன்றை நிறுவினர். அங்கு நோயாளியாக வந்த மாமிட்டு காஷே என்ற கிராமத்துப் பெண், பள்ளிக்கல்வி இன்றியே கைப்பயிற்சியால் தேர்ந்த சத்திரசிகிச்சையாளரானார். பல்லாயிரம் துளைகளை மூடிய அந்த நிறுவனம் 2007 இல் தொடங்கியது இன்னொரு சத்திரசிகிச்சைக் கூடத்தை அன்று, மருத்துவிச்சிகளுக்கான கல்லூரியை.

இங்கே ஒரு கூச்சமான விடயத்தையும் எழுதவேண்டியுள்ளது. தாயிடம் அந்த இரண்டு வினாக்களையும் கேட்கத் தயங்குவோரின் தயக்கம் எப்போதும் நாணத்தால் மட்டும் அன்று. விடை 'ஓம்' என்று வந்தால் பிரசவ விடுதியில் பணியாற்றிய சகபாடி மீது குற்றஞ்சாட்டுவது போலாகும் என்ற அச்சமும் அதில் உண்டு. கவனமாகச் செய்யப்பட்ட பிரசவத்திலும் கிழிசல் நேரும், நன்கு தைக்கப்பட்ட காயமும் பிரியும் என்பது மருத்துவ உண்மை. ஆகவே புரைவழியைக் கண்டறிந்து பதிவது முறைப்பாடு அன்று. மறைத்தலே குற்றமாகிறது, ஏனெனில் அதன் விலையைக் கேட்கத் தயங்கியவரோ சகபாடியோ செலுத்துவதில்லை, தாய் மட்டுமே செலுத்துகிறாள். வீடு திரும்பும் தாயின் டயக்னோசிஸ் கார்ட்டில் கிழிசலின் நிலை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை அவளுக்கு வாசித்து விளக்குவதும், எழுதப்படாதிருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாகக் கேட்டறிந்து கர்ப்பிணிப் பதிவில் குறிப்பதும் அடுத்த பிரசவத்துக்கும் உதவும். சீராக்கப்பட்ட பெண்ணுக்கு அடுத்த பேறு பெரும்பாலும் சிசேரியனாகவே திட்டமிடப்படும். அச்செய்தி முதற் கிளினிக்கிலேயே தெரிந்திருக்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் பல கிழமைகள் உடலுறவைத் தவிர்க்கவேண்டும் என்பதைக் கணவனிடம் நேரே சொல்வதும் உத்தியோகத்தராலேயே இயலும்.

பிறந்த குழந்தையைப் பார்க்கும்போதும் ஒரு கணம் செலவிடத் தகும். பெண்குழந்தையின் மலவாய் உரிய இடத்தில் இல்லாமல், யோனிவாயை ஒட்டிய சிறு துளையால் மலம் வரும் பிறவிக்குறை உண்டு. மலம் வருகிறதே என்று தாய் நிம்மதியாக இருப்பாள். கையால் விரித்துப் பார்த்தவருக்கே அது புலப்படும். அது குழந்தைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் செல்லவேண்டியது.

இறுதியாக, வீட்டுத் தரிசிப்புப் பதிவேட்டில் இனி இடம்பெறாத பெண்கள். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்துத் தாய்மார் அத்துறையில் பாதை எனப்படும் மிதவையை நம்பியிருந்தனர். 2009 இல் போர் முடியுமுன், இரவில் வாவியைக் கடக்க இயலாமலும் மாரிவெள்ளத்தில் வீதி மூழ்கியும் வீட்டிலேயே பெற்றோர் பலர். அவர்களிற் சிலர் கிழிந்த காயம் தைக்கப்படாமலே ஆறி, இருபது ஆண்டுகளாகத் துணி மடித்து வைத்துக்கொண்டு வயலுக்கும் வாவிக்கும் போய் வரக்கூடும். புரைவழியைச் சீராக்குவதற்குக் கால எல்லை கிடையாது. பழைய துளையில் அழற்சி அடங்கியிருப்பதால் காத்திருக்கவும் தேவையில்லை. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துச் சோதனைக்கென அழைக்கப்படும் சுகவனிதையர் கிளினிக்கே அவர்கள் மறுபடி ஒரு தாதியின் கண்ணுக்குப் படும் இடம். அழைத்தும் வராதோரிற் சிலர் வராததற்கே இந்நோய் காரணமாக இருக்கலாம் என்பதால், அடுத்த அழைப்பைக் கடிதமாக அனுப்பாமல் நேரே போய்ச் சொல்லி, போன இடத்தில் அந்த இரண்டு வினாக்களையும் கேட்டு, விடை எதுவாயினும் குறித்துக்கொண்டு, 'ஓம்' என்றவளுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் கிளினிக் நாளையும், அன்று அவளுடன் யார் வருவார் என்பதையும் அங்கேயே தீர்மானித்து எழுதிக் கொடுக்குமாறு இம்மடல் கேட்டுக்கொள்கிறது.